போல்ட் இல்லாத பாறை

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு மலை தெரியாது. எங்களுக்குத் தெரிந்த உயரமெல்லாம் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுதான். அதன் மேல் நாலு மரக்கன்றை நட்டுவிட்டு, வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் வண்டியை ஓரம் கட்டிக் காட்டுவோம். அவர்களும், பரவாயில்லையே, உங்கள் ஊரில் மலையெல்லாம் இருக்கிறதே என்பார்கள். தோண்டிய பள்ளத்தின் மிச்சத்தை மலை என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் கையில் நிஜமான மலை ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஃபிளெக்ஸ் கட்டுவார்கள்.

நான் அதைத் தடுத்தேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் விரிவாகக் கேட்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

என் பெயர் குமரவேல். சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மேன். டிப்ளமோ முடித்துப் பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது பாறை ஏறக் கற்றுக்கொண்டேன். பாறை ஏறுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ட்ரில் போட்டுப் பாறையில் நிரந்தரமாக போல்ட் அடித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறுவது. இன்னொன்று பழைய முறை. இயற்கையாக இருக்கும் பிளவுகளில் சிறிய உலோக ஆப்புகளைச் சொருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவது. பின்னால் வருகிறவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வருவார். இறங்கிய பிறகு, அங்கே மனிதன் வந்து போனதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. இந்த இரண்டாவது முறைதான் நாகரிகமானது. கல்லில் ஓட்டை போடுவதை நாங்கள் சுரங்கத்தில் தினமும் செய்கிறோம். அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அந்தப் பாறையை நான்தான் கண்டுபிடித்தேன். கள்ளக்குறிச்சி தாண்டி, கல்வராயன் மலையின் ஒரு மடிப்பில் இருக்கிறது. ஊர்ப் பெயரை இப்போதும் சொல்லப்போவதில்லை. மரவள்ளிக் காட்டு வரப்பில் நடந்து, ஒரு வறண்ட ஓடையைத் தாண்டினால் எதிரே நிற்கும். ஒரு தென்னையின் தலையில் இன்னொரு தென்னையை நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு உயரம். பயங்கரமான பாறை ஒன்றும் இல்லை. அவசரப்படாத யாரும் ஏறலாம். பாதி உயரத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு. முக்கியமாக, அங்கே யாரும் வருவதில்லை. நெய்வேலியில் அமைதி என்றால் பெல்ட் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். உடனே எனக்கு போன் வரும். இந்தப் பாறையில் அமைதி என்றால் அமைதிதான்.

கல்யாணமானதும் நந்தினியை அங்கே கூட்டிப் போனேன். குறிஞ்சிப்பாடிப் பெண். டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தாள். சீக்கிரமே நன்றாக ஏறினாள். கால் வைப்பதில் என்னைவிடச் சுத்தம். ஒரே குறை, எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பாள்.

இதை விளக்க வேண்டும் என்றால் எங்கள் பிரிவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கை விடுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய சிவப்புத் தகடு ஒன்றை மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். தகடு தொங்கினால் மின்சாரம் இல்லை என்று அர்த்தம். தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிடலாம். விதிப்படி இன்னொரு தடவை சோதிக்க வேண்டும்தான். யாரும் சோதிப்பதில்லை. சோதித்தால், தகடு மாட்டியவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்களிடம் அது கெட்ட வார்த்தை சொன்னதற்குச் சமம்.

நான் அந்த வழக்கத்தைப் பாறைக்கும் கொண்டுபோனேன். கயிற்றை மேலே கட்டி முடித்தவர், முடிச்சுக்குப் பக்கத்தில் தன் தகட்டை மாட்ட வேண்டும். மற்றவர் அதைப் பார்த்ததும் இறங்கலாம். நந்தினி மட்டும் தகட்டை ஒதுக்கிவிட்டு முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள்.

"நான் கட்டினது, நந்தினி."

"தெரியுதுங்க. ஆனா தகடா என்னைத் தாங்கப்போவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

திட்டுக்கு மேலே ஒரு வழுக்கலான பகுதி உண்டு. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதில் ஆப்பு சொருக ஒரே ஒரு பிளவு. ஆழமில்லாதது. அவள் அந்த இடத்தைப் பற்றி என்னிடம் பல தடவை பேசியிருக்கிறாள்.

"இங்க ஒண்ணே ஒண்ணு போல்ட் அடிச்சுடலாங்க. மத்த எடமெல்லாம் உங்க இஷ்டம்."

"ஓட்டை போடத்தான் நமக்கு மைன்ஸ் இருக்கே."

"சரி, கிண்டல் பண்ணுங்க."

போன வருடத்துக்கு முந்தைய வருடம், பொங்கல் முடிந்த வாரம், அந்த இடத்தில் அவள் விழுந்தாள். அவள் முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள், நான் திட்டில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். ஆப்பு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. திட்டின் விளிம்பில் தலை மோதியது. கயிற்றை நான் விடவில்லை. போலீசிடமும் இதைத்தான் சொன்னேன், அவள் அம்மா வள்ளியம்மாளிடமும் இதைத்தான் சொன்னேன். அது உண்மை. என் கையில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

அதன் பிறகும் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். தனியாக ஏற முடியாது. அடியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஊரில் ஆறுதல் சொல்கிறவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் விதி சார் என்று ஆரம்பித்து, இறங்கும்போது தன் மகனுக்குக் கான்ட்ராக்டிலாவது ஒரு வேலை கிடைக்குமா என்று முடிப்பார்கள்.

இனி பிரவீன்குமார். நந்தினியின் தம்பி. எங்கள் பிரிவிலேயே என் கீழ் வேலை செய்தான். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்களை அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் தகடு தொங்கிக்கொண்டிருந்த ஸ்விட்சை அவன் எட்டிப் பார்த்தான். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஏன்டா, உங்கக்கா சொல்லிக் குடுத்தாளா, மாமனை நம்பாதேன்னு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காது வரைக்கும் சிவந்துபோனான். அதற்குப் பிறகு யார் தகட்டையும் அவன் சோதித்ததில்லை. பாறை ஏறவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். சுமாராக ஏறுவான்.

அக்கா போன பிறகு அவன் டவுன்ஷிப்பின் அட்வென்ச்சர் கிளப்பில் சேர்ந்தான். அந்தக் கிளப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆரஞ்சு நிற டி-ஷர்ட்டு போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, ஏதாவது ஒரு மலைக்குப் போய், ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, புளிசாதம் தின்று, இலையை அங்கேயே போட்டுவிட்டு, "இயற்கையைக் காப்போம்" என்ற பேனரைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அதற்குச் செயலாளர் பெரியண்ணன். ஸ்டோர்ஸில் வேலை. அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய சாகசம் மைக் பிடிப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவீன் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். கையில் பலாச்சுளை. வள்ளியம்மாள் கொடுத்துவிட்டிருந்தார்.

"மாமா, அக்கா நெனவா ஒண்ணு பண்ணலாம்னு பேசிகினு இருக்கோம்."

"யாரு பேசறது?"

"கிளப்புல எல்லாரும்தான். அக்கா விழுந்த எடத்துல போல்ட் அடிச்சுடலாம். மேல கீழ ரெண்டு. அப்புறம் ஸ்கூல் பசங்ககூட பயம் இல்லாம ஏறலாம்."

"ஸ்கூல் பசங்க ஏன் ஏறணும்?"

"ஏறட்டுமே மாமா. மல என்ன நம்ம வூட்டு சொத்தா?"

"போர்டும் உண்டாமே."

"நந்தினி பாதைன்னு வெக்கலாம்னு பெரியண்ணன் சார் சொல்றாரு. அக்கா போட்டோ ஒண்ணு குடுங்க மாமா. சிரிக்கிற மாதிரி."

சிரிக்கிற மாதிரி. ஃபிளெக்ஸில் போடுவதற்கு. ஒரு மூலையில் அவள், மறு மூலையில் கைகூப்பும் பெரியண்ணன், நடுவில் ஸ்பான்சர் செய்த பேக்கரி. நான் சுளையைத் தின்றுகொண்டிருந்தேன். நல்ல பழம்.

அத்துடன் அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அங்க ஒரு போல்ட் மட்டும் இருந்திருந்தா, அக்கா கையில ஒரு சிராய்ப்போட வூட்டுக்கு வந்திருக்கும். இல்ல மாமா?"

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியமெல்லாம் அவனுக்குக் கிடையாது. துக்கத்தில் கேட்டான். ஆனால் அதை அவன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. கிளப் கூட்டத்தில் மைக்கில் கேட்டிருக்கிறான். கேன்டீனில் கேட்டிருக்கிறான். குள்ளஞ்சாவடியில் ஒரு வளைகாப்பில் கேட்டிருக்கிறான். கேட்டவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டி, ஆமாம்ப்பா, ஒரு போல்ட்டுதானே என்றிருக்கிறார்கள். பாறையை வாழ்க்கையில் பார்த்திராதவர்கள். ஒரு போல்ட் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாதவர்கள். ஷிஃப்ட் மாறும்போது என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கற்பனை என்று நீங்கள் சொல்லலாம்.

வள்ளியம்மாளும் கேட்டார், வேறு மாதிரி.

"நீங்க வேணாம்னீங்களாமே, மாப்ள, அந்த போல்ட்டு?"

"யார் சொன்னா?"

"நந்தினிதான் எப்பவோ சொல்லிகினு இருந்துச்சு. அவரு ஒத்துக்க மாட்டாரும்மான்னு. சும்மா கேட்டேன். நீங்க சாப்புடுங்க."

அதாவது, போல்ட் இல்லாதவரை அது ஒரு விபத்து. ஆப்பு சரியாகச் சொருகப்படவில்லை, அவ்வளவுதான். போல்ட் அடித்துவிட்டால், வெயிலில் மின்னிக்கொண்டு, அங்கே ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வேறொரு கதையைச் சொல்லும். ஒரு பாறை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கொள்கைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். கொள்கை என்றால் அப்படித்தான்.

நான் கோபப்படவில்லை. பிரவீனைக் கூப்பிட்டேன். "கிளப்காரங்க வேணாம். அவங்களுக்கு எடம் தெரியாது. நாம ரெண்டு பேரும் போய் அடிச்சுட்டு வந்துடலாம்" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த கான்ட்ராக்டரிடம் பேட்டரி ட்ரில் இரவல் வாங்கினான். விருத்தாசலம் வழியாக என் பைக்கில் போனோம். கள்ளக்குறிச்சியில் டீ குடிக்கும்போது கேட்டான்.

"அக்கா கடேசியா எதுனா சொல்லுச்சா மாமா? விழறதுக்கு முன்னால?"

"காத்து. ஒண்ணும் கேக்கல."

தலையாட்டிவிட்டு, என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தான். டீக்கடையில் யாராவது டம்ளர் கழுவுவார்களா? அவன் அப்படித்தான்.

மேலே இருந்து கயிற்றில் இறங்கி, அந்த வழுக்கலான இடத்தில் தொங்கிக்கொண்டு ஓட்டை போடுவதாகத் திட்டம். பின்பக்கமாகப் பாறையின் தலைக்கு நடந்து போக வழி உண்டு. ட்ரில்லையும் பேட்டரிகளையும் அவன் தூக்கி வந்ததால் பின்தங்கினான். நான் கயிறோடு முன்னால் போனேன். உச்சியில் ஓர் உசிலை மரம் இருக்கிறது. எப்போதும் அதில்தான் கட்டுவோம். கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தேன். முடிச்சை ஆரம்பித்தேன். அரைவாசியில் நிறுத்தி, நுனியை மடித்து, மேலிருந்து பார்த்தால் முடிச்சு போலவே தெரிகிற மாதிரி செருகி வைத்தேன். பக்கத்துக் கிளையில் என் தகட்டை மாட்டினேன்.

மறதி என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். பலர் நம்புவார்கள். மறதி இல்லை.

பிரவீன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். தகட்டைப் பார்த்தான். உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். எழுந்து மறுபடியும் தகட்டைப் பார்த்தான், முடிச்சைப் பார்க்கவில்லை. இரண்டு அடி நகர்ந்து குனிந்திருந்தால் போதும். ஒரு கையால் இழுத்திருந்தால் போதும். அவனுக்கு அதற்கு வேண்டிய நேரம் முழுவதையும் நான் கொடுத்தேன். பேசி அவசரப்படுத்தவில்லை. அவன் அக்காவாக இருந்தால் முதல் வேலையாக இழுத்துப் பார்த்திருப்பாள்.

கயிற்றைத் தன் இடுப்பில் கோத்துக்கொண்டு, ட்ரில்லை முதுகில் மாட்டிக்கொண்டு, விளிம்புக்குப் பின்பக்கமாக நடந்தான்.

"ரைட்டா மாமா?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவன் கேட்கவில்லை.

அவன் சாய்ந்ததும் கயிறு மரத்தைச் சுற்றி மெதுவாகத்தான் ஓடத் தொடங்கியது. பிறகு வேகமாக. அவன் கத்தவில்லை. நான் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். பிறகு வந்த வழியாகவே இறங்கிப் போனேன். ஓடவில்லை, அந்த வழியில் ஓடினால் கால் பிசகும்.

அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"தகடு இருந்துச்சு மாமா. பாத்துட்டுதான் எறங்கனேன்."

"ம்."

"நாந்தான் எதையோ தப்பா மாட்டிட்டேன் போலருக்கு. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"பேசாத" என்றேன். அவன் பேசவில்லை. நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

முடிச்சு போட்டது அவன்தான் என்று போலீசிடம் சொன்னேன். அவர்களுக்கு முடிச்சுகளைப் பற்றித் தெரியாது. இதெல்லாம் எதுக்கு சார், வீட்டில சும்மா இருக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே எழுதினார்கள். குறிஞ்சிப்பாடியில் உடலை எடுத்தோம். பெரியண்ணன் மைக் இல்லாமல் பேச வேண்டி வந்ததால் சுருக்கமாக முடித்தார். வள்ளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு நீங்கதான் புள்ள" என்றார். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து மீன்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் சொல்வதில்லை. பாவம், அந்த அம்மாளுக்கும் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் என்னைக் கூப்பிட்டு விடுவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரியண்ணன் வந்தார். இவர்களை ஒரு சாவு நிறுத்தாது, இரண்டு சாவும் நிறுத்தாது. பாதைக்கு இப்போது இரண்டு பெயராம். சென்னையிலிருந்து ஆள் வந்து போல்ட் அடிக்கப்போகிறார்களாம். அடுத்த மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு திறப்பு விழா.

"எங்கெங்க அடிக்கணும்னு மட்டும் நீங்க சொல்லிட்டா போதும் சார். அந்தப் பாறைய உங்களவிட யாருக்குத் தெரியும்?"

ஒரு தாளில் பாறையை வரைந்து காட்டினேன். அடியில் ஒன்று, திட்டில் ஒன்று, உச்சியில் ஒன்று.

"நடுவுல அந்த வழுக்கற எடத்துல?"

"அங்க கல்லு பொக்கு. போல்ட் நிக்காது. அங்க மட்டும் பழையபடி ஆப்புதான். புள்ளைங்களுக்கு நானே சொல்லித் தரேன்."

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தட்டிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாறையிலேயே கெட்டியான கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி, அதையும் சொல்லிவிடுகிறேன். நந்தினி விழுந்த அன்று காற்றே இல்லை. அந்த ஆப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "என்னங்க, இது உக்காரல. நான் எறங்கிடறேன்." நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்தது. "நான் சொல்றேன்ல, உக்காந்திருக்கு. ஏறு" என்றேன். எல்லாவற்றையும் தானே இழுத்துப் பார்க்கிறவள், அன்று என் பேச்சைக் கேட்டாள்.

அடுத்த மாதம் அந்த இடத்தில் எந்தப் பிள்ளையாவது விழுந்தால், ஆப்பு சொருகத் தெரியாத பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரவீன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நந்தினியையும் அப்படியே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.